கயிற்றின் நுனி உருகியிருந்தது

பொழுது விடிவதற்கு முன்பே எங்கள் பட்டறை சத்தம் போட ஆரம்பித்துவிடும். சுறுசுறுப்பு என்று நினைக்க வேண்டாம். உச்சி வெயிலில் தகரக் கூரை ஆளை வறுத்தெடுக்கும். அதற்குள் முடிகிற மட்டும் முடித்தாக வேண்டும். அன்றைக்கும் பனியில் ஊறிக் கிடந்த தகடுகள் தொட்ட விரலைக் கடித்தன. ஒரு பக்கம் வெல்டு மேல் படிந்த கசடைச் சுத்தியலால் தட்டினார்கள். இன்னொரு பக்கம் சாணை பிடித்தார்கள். பொறி பறந்து சட்டையைப் பொத்தல் போட்டது. நான் ஓரமாகக் குந்தி, கேஸ் டார்ச்சால் தகடு அறுத்துக்கொண்டிருந்தேன். என் கையில் இருக்கிற நெருப்புக்கும் என் வாய்க்கும் வித்தியாசம் கிடையாது என்று என் தங்கச்சி சொல்வாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

எண்ணெய் நிரப்புகிற பெரிய தொட்டிகள் செய்கிற பட்டறை அது. வளைத்த தகட்டைக் கிரேனில் தூக்கி, இரும்பு ஸ்டாண்டுகள் மேல் உட்கார வைத்து, அடிப்பக்கம் சட்டங்களைப் பற்றவைப்பார்கள். அந்த வேலை என் தங்கச்சி புருஷனுடையது. மாப்பிள்ளை கை வைத்த வெல்டைத் தடவிப் பார்த்தால் ஒரு சொரசொரப்பு இருக்காது. ஆனால் அழகாகப் பற்றவைத்தால் யார் கூலி கொடுக்கிறார்கள்? போன மழைக்காலத்தோடு நாள்கூலியை நிறுத்திவிட்டு அடிக்கணக்கு ஆக்கிவிட்டார் முதலாளி. எத்தனை அடி பற்றவைக்கிறாயோ அத்தனைக்குத்தான் காசு. அன்றிலிருந்து ஒருத்தன் முகத்தை ஒருத்தன் நிமிர்ந்து பார்க்க எங்களுக்கு நேரம் இல்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். வெல்டிங்கில் கரண்டு, உருகிப் பற்றவைக்கிற குச்சி வழியாகப் போனால் மட்டும் போதாது. எர்த் கேபிள் வழியாகத் திரும்பி மெஷினுக்கு வந்து சேர வேண்டும். அந்தக் கேபிளின் கவ்வியை வேலை நடக்கிற தகட்டிலேயே மாட்டுவதுதான் முறை. எங்கள் பட்டறையில் அந்த முறை செத்து வெகு நாளாயிற்று. கேபிள் எரிந்தால் எரிந்த இடத்தை வெட்டிப் போட்டுவிட்டு மிச்சத்தை முறுக்கி ஒட்டுவார்கள். புதுசு கேட்டால், "உங்க மாமனார் வீட்டுச் சீதனமா?" என்று மேஸ்திரி கேட்பான். இப்படி வெட்டி வெட்டி, கடைசியில் கவ்வி பக்கத்துத் தூண் வரைக்கும்தான் எட்டியது. நாங்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. கவ்வியைத் தூணில் மாட்டிவிட்டு, தூணிலிருந்து ஸ்டாண்டு வரைக்கும் ஒரு கழிவுக் கம்பியை நீட்டிப் போட்டு ஒப்பேற்றினோம். அதற்கு "இரவல் எர்த்" என்று பெயர் வேறு வைத்துச் சிரித்துக்கொண்டோம்.

அன்று காலை மேஸ்திரி நெற்றி வியர்க்க ஓடிவந்தான்.

"ஸ்டாண்டெல்லாம் பக்கத்துத் தொட்டிக்கு வேணும். தகட்ட இடுப்பு உசரத்துக்குத் தூக்கி அப்படியே தொங்கவிடு. அடியில படுத்து வெல்டு பண்ணட்டும். பொழுது சாயறதுக்குள்ள லாரியில ஏத்தணும்னு மொதலாளி சொல்லிட்டாரு."

"தொங்குற தகட்டுக்கு அடியிலயா?" என்றார் மாப்பிள்ளை.

"ஏன், தொட்டில் மாதிரி ஆட்டிவிடணுமா? படுய்யா."

மேலே கிரேன் கூண்டில் உட்கார்ந்திருந்த கிரேன் அக்கா தகட்டைத் தூக்கினாள். ஸ்டாண்டுகளை உருவிக்கொண்டு போனார்கள். இரவல் எர்த் கம்பி யார் காலிலோ இடறி, உருண்டு போய்த் தூணடியில் கிடந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவரவருக்கு அவரவர் அடிக்கணக்கு.

மாப்பிள்ளை அடியில் மல்லாந்து படுத்துக் குச்சியைத் தட்டினார். பற்றியது, அணைந்தது. மறுபடி தட்டினார். குச்சி ஒட்டிக்கொண்டது. திரும்பத் திரும்ப இதே கதை.

"மாமியாருக்கு இன்னைக்கு என்னய்யா கோபம்?" என்று அடியிலிருந்து கத்தினார். மாமியார் என்றால் அவருடைய வெல்டிங் மெஷின். தொட்டால் சுள்ளென்று அடிக்கும், எப்போதும் உறுமும். அதனால் அந்தப் பெயர்.

எலக்ட்ரீஷியன் வந்தான். அவனைக் 'கரண்ட்' என்றுதான் கூப்பிடுவோம். காரியத்தில் கால், பேச்சில் முக்கால் என்கிற ரகம். வந்ததும் வராததுமாக, "குச்சி நமுத்துப்போச்சு, வேற ஒண்ணுமில்ல" என்றான். காய்ந்த குச்சி கொண்டுவந்தார்கள். அதே கோளாறு. "அப்ப ஹோல்டர் லூசு" என்று, குச்சியைக் கவ்வுகிற ஹோல்டரை முறுக்கினான். அதே கோளாறு. "சந்தேகமே இல்ல, மாமியாருக்கு உள்ளுக்குள்ள சீக்கு" என்று, பக்கத்து மெஷினை இழுத்துவந்து மாட்டினான். அதிலும் அதே கோளாறு.

மாப்பிள்ளை முகமூடியைத் தூக்கிவிட்டுச் சொன்னார்: "மெஷின மாத்தியும் இப்படின்னா கோளாறு மெஷின்ல இல்லப்பா. வேற எங்கயோ இருக்கு. நின்னு நிதானமாப் பாரு."

கரண்ட் தலையைச் சொறிந்தான். அவன் கண் கேபிளைப் பிடித்துக்கொண்டு தூண் பக்கம் போனதை நான் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் கண்டுபிடித்திருப்பான் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதற்குள் மேஸ்திரி பாய்ந்துவந்து அவன் பிடரியில் ஓங்கி ஒன்று வைத்தான்.

"வேடிக்கை பார்க்கவா சம்பளம்? பத்தலன்னா கைப்பிடியத் திருகுடா! கரண்ட ஏத்து!"

அதுதான் எங்கள் பட்டறை வைத்தியம். எந்தக் கோளாறு என்றாலும் கைப்பிடியைத் திருகு, கரண்டை ஏற்று. கரண்ட் திருகினான், முழுசாக. குச்சி இப்போது சீறிக்கொண்டு பற்றியது. மேஸ்திரி, "பாத்தியா?" என்றான்.

மேலே எங்கோ 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு இன்னொரு 'டிங்'. நான் டார்ச்சை அணைத்துவிட்டு நிமிர்ந்தேன். கிரேனின் கம்பிக் கயிறு, கொக்கிக்கு மேலே ஒரு முழம் சிவந்திருந்தது.

"மாப்ளே! வெளிய வா!"

அவர் காதில் விழவில்லை. விழுந்தது தகடுதான்.

தரை அதிர்ந்தது. தூசியும் புகையும் எழும்பி, அதற்குள்ளிருந்து ஓர் அலறல் வந்தது. அது மனிதக் குரல் என்று புரியவே சற்று நேரமாயிற்று. அவர் பக்கவாட்டில் உருண்டிருக்கிறார். உடம்பு தப்பியது, கால்கள் தப்பவில்லை. முழங்காலுக்குக் கீழே தகடு படுத்திருந்தது. கிரேனில் கயிறு இல்லை. எதை வைத்துத் தூக்குவது? கடப்பாரையை நெம்பினோம், ஜாக்கியை முட்டுக் கொடுத்தோம். வழுக்கி வழுக்கி விழுந்தோம். எதில் வழுக்கினோம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. அவரை உருவியபோது வலது பாதம் பூட்ஸோடு பின்தங்கியது. அவர் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "அவகிட்ட சொல்லாதீங்க, அவகிட்ட சொல்லாதீங்க" என்றார்.

வாசலில் முதலாளியின் கார் நின்றது. கதவைத் திறக்கப் போன ஆளை மேஸ்திரி மறித்தான். "சீட்டு பாழாயிடும். கழிவு ஏத்துற வண்டியில போடு." துருப்பிடித்த தகடுகளுக்கு நடுவே சாக்கை விரித்து அவரைக் கிடத்தினோம். இரண்டு பேர், வழியில் வீட்டிலிருந்த தங்கச்சியையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நானும் போயிருப்பேன். மேஸ்திரி என் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டான். முதலாளிக்கு என்னிடம் வேலை இருக்கிறதாம்.

உச்சிப் பொழுது தாண்டித்தான் முதலாளி அலுவலக அறையிலிருந்து இறங்கிவந்தார். ரத்தத்தை மிதிக்காமல் வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். கூடவே தடியான ஆட்கள் நாலைந்து பேர். அவர்கள் கையில் பைப்பு இருந்தது.

"பாவம், நல்ல வேலைக்காரன்" என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். "ஆனா கவனம் வேணாமா? ஹோல்டரக் கொண்டுபோய்க் கயித்துல இடிச்சிருக்கான். இல்லன்னா இரும்புக் கயிறு ஏன் அறுந்துபோகுது?"

"படுத்துக்கிட்டிருந்தவர் கை கொக்கி வரைக்கும் எப்படிங்க எட்டும்?" என்றேன்.

அவர் கீழே கிடந்த கயிற்றைக் காட்டினார். "நீதானே கேஸ் கட்டர்? அந்தக் கயித்தத் துண்டு துண்டா அறுத்துக் கழிவுல போடு. பழைய கயிறு இன்னொண்ணு இருக்கு, அத மாட்டச் சொல்லு. லாரி வந்துக்கிட்டிருக்கு."

அறுந்த கயிறு பாம்பு மாதிரி சுருண்டு கிடந்தது. டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டு அதன் நுனியைப் பார்த்தேன். இழுபட்டு அறுந்த கயிறு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். விளக்குமாறு மாதிரி பிரிந்து நிற்கும். இது அப்படி இல்லை. ஒவ்வொரு கம்பியின் முனையிலும் கடுகு கடுகாக உருண்டை கட்டி, நீலம் பாய்ந்திருந்தது. இரும்பை நெருப்பால் அறுத்துப் பிழைக்கிறவன் நான். உருகின இரும்பு எனக்குத் தெரியாதா? 

"இது அறுந்த கயிறு இல்ல மொதலாளி. எரிஞ்ச கயிறு. இத நான் வெட்ட மாட்டேன்."

"என்னது?"

"காது கேக்கலையா? வெட்ட மாட்டேன்."

முதல் பைப்பு என் தோளில் விழுந்தது. இரண்டாவது வாயில். உப்புக் கரித்தது, துப்பினேன், ஒரு பல் வந்தது. கீழே விழுந்த என்னை மேஸ்திரி விலாவில் மிதித்தான். மிதித்துக்கொண்டே, "வெட்டுடா, வெட்டுடா" என்றான். நான் கயிற்றை மார்போடு அணைத்துக்கொண்டேன். வலித்ததா என்று கேட்காதீர்கள். அந்த நிமிஷம் டார்ச் பற்றிக்கொண்டிருந்தால் அவன் முகத்தில் வைத்திருப்பேன். அது மட்டும் சத்தியம்.

பட்டறையில் சத்தம் நின்றுபோயிற்று. சுத்தியல் நின்றது, சாணை நின்றது. ஆனால் ஒருத்தரும் முன்னால் வரவில்லை. அதுதான் என்னைப் பைப்பைவிட அதிகமாக அடித்தது.

முதலாளி கரண்ட் பக்கம் திரும்பினார். "மெஷின்ல கைப்பிடியத் திருகினது யாரு?"

"நான்... நாந்தாங்க."

"அப்ப ஆளை நொறுக்கினது நீ. ஜெயிலுக்குப் போறியா? இல்ல, வெல்டர் ஹோல்டரக் கயித்துல இடிச்சத உன் கண்ணால பாத்தியா? யோசிச்சுச் சொல்லு. பாத்திருந்தா உன் வேலைக்கு நான் ஜவாப்தாரி."

கரண்ட் மேஸ்திரியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "பாத்தேன்" என்று சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தேன். அவனைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. பயம் யாரை விட்டது?

அப்போதுதான் ஏணியில் தடதடவென்று சத்தம் கேட்டது. கிரேன் அக்கா இறங்கிவந்தாள். அவள் வேலை நேரத்தில் கீழே இறங்கி நான் பார்த்ததே இல்லை.

"காலையில தகட்டத் தூக்கினதுலேருந்து கூண்டுல லிவர் சுருக் சுருக்குன்னு அடிச்சுது" என்றாள். "மாமியாருக்குத்தான் கோவம்னு நெனச்சா எனக்கும் ஏன் அடிக்குதுன்னு யோசிச்சேன். எறங்கிச் சொன்னா கூலிய வெட்டுவாங்கன்னு வாய மூடிக்கிட்டேன்."

"வாய மூடுனது நல்லதுதான். போய் ஏறு" என்றார் முதலாளி.

"கொக்கியில பொறி பறந்துச்சு" என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல். கசடு தட்டுகிறவர். "நான் பாத்தேன். சாணைப் பொறின்னு நெனச்சுட்டேன்."

"நான் எண்ணெய் போட மேல ஏறி கிரேன் தண்டவாளத்தத் தொட்டேன், சுட்டுச்சு" என்றார் இன்னொருத்தர்.

ஆளுக்கு ஒரு துண்டு தெரிந்திருக்கிறது. அதை எடுத்துப் பக்கத்தில் இருக்கிறவனிடம் கொடுக்கத்தான் யாருக்கும் நேரமில்லாமல் போயிற்று. அடிக்கணக்கு எங்கள் கூலியை மட்டுமா குறைத்தது?

கரண்ட் தரையில் குந்தி முகத்தைப் பொத்திக்கொண்டான். பிறகு எழுந்தான். அழுதுகொண்டே பேசினான்.

"ஸ்டாண்ட எடுத்துட்டாங்க. கம்பி உருண்டு போச்சு. கவ்வி தூண்ல இருக்கு, தகடு அந்தரத்துல தொங்குது. கரண்டு எப்படித் தூணுக்கு வரும்? தகட்டுலேருந்து கொக்கி, கொக்கியிலேருந்து கயிறு, கயித்துலேருந்து கிரேன், கிரேன்லேருந்து தண்டவாளம், அப்புறந்தான் தூண். அவ்ளோ தூரம் சுத்தி வந்ததாலதான் குச்சி பத்தல. நான் பைத்தியக்காரன், கரண்ட ஏத்தினேன். அவ்வளவு கரண்டும் அந்த இத்துப்போன கயித்துல ஓடுச்சு. கயிறு தாங்கல."

"கதை நல்லா இருக்கு" என்றார் முதலாளி. "யார் நம்புவா?"

"நம்ப வேணாம். பாருங்க."

பைப்பு ஆட்கள் நகர்வதற்குள் கசடு தட்டுகிறவர்கள் சுத்தியலோடு அவனைச் சுற்றி நின்றுவிட்டார்கள். யாரும் சொல்லி நிற்கவில்லை. கரண்ட் ஒரு மெல்லிய கம்பிக் கயிற்றை உத்தரத்தில் கட்டி, ஒரு துண்டு இரும்பைத் தொங்கவிட்டான். கவ்வி தூணில் இருந்தபடியே இருக்க, பழையபடி மாமியாரையே மாட்டினான். "யாரும் கிட்ட வராதீங்க" என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்று, குச்சியைத் தொங்குகிற இரும்பில் வைத்தான். பற்றியது, திணறியது, அணைந்தது. காலையில் நடந்த அதே கூத்து. கைப்பிடியைத் திருகினான். கயிறு புகைந்தது, சிவந்தது. 'டிங்' என்று தெறித்து இரும்பு தரையில் விழுந்தது. நுனியை எடுத்துக் காட்டினான். கடுகு கடுகாக உருண்டை.

பிறகு அதே இரும்பை மெஷின் பக்கத்தில் இழுத்துப்போட்டு, கவ்வியை நேராக அதிலேயே மாட்டினான். மாமியார் சாதுவாகப் பற்றினாள். திணறல் இல்லை, அணையவில்லை. கேபிள் ஒரு முழம் கூடுதலாக இருந்திருந்தால் என் மாப்பிள்ளை கால் இருந்திருக்கும்.

முதலாளி எட்டிப்போய் மெயின் சுவிட்சை இழுத்தார். பட்டறை இருண்டது.

"கவ்வியத் தூண்ல மாட்டினது நானா? நீங்கதானே? இரவல் எர்த்தாம்! சிரிச்சுச் சிரிச்சு மாட்டினீங்கல்ல?"

அந்தக் கேள்வி எங்கள் எல்லாரையும் குத்தியது. பொய் இல்லையே. பதில் வாசலிலிருந்து வந்தது.

"ஆமாங்க. மாமியார் ஒடச்சா மண்குடம், மருமக ஒடச்சா பொன்குடம்."

என் தங்கச்சி நின்றுகொண்டிருந்தாள். புடவை முன்பக்கம் முழுக்க ரத்தம் காய்ந்து விறைத்திருந்தது. நான் எழுந்திருக்கப் பார்த்தேன், விலா விடவில்லை.

"கேபிள வெட்டி வெட்டி முழமாக்கினது மண்குடம். முழக் கேபிள வெச்சு உங்களுக்கு வேலை முடிச்சுக் கொடுத்தது பொன்குடமா? நல்ல நியாயம்."

"அம்மா, நீ வீட்டுக்குப் போ. ஆஸ்பத்திரி செலவுக்கு ஏதாவது பாத்துச் செய்யச் சொல்றேன்."

"ரெண்டு காலும் எடுத்துட்டாங்க" என்றாள். அழவில்லை. "உசிரு இருக்கு. கண்ணு முழிச்சதும் என்ன கேட்டாரு தெரியுமா? அந்தத் தகட்டத் திரும்பத் தூக்கிட்டாங்களான்னு கேட்டாரு. அடியில வேற யாராவது படுத்துடப் போறாங்கன்னு. அதுக்குத்தான் வந்தேன்."

வந்தவள் என் பக்கத்தில் அந்தக் கயிற்றின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். என் வாயை முந்தானையால் துடைத்தாள். "பல்லு போச்சாண்ணா? இனிமேலாவது வாய் குறையுமா?" என்றாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஆண்பிள்ளை அழலாமா என்று யாராவது கேட்டிருந்தால் உதைத்திருப்பேன்.

மேஸ்திரி அவள் தோளைப் பிடித்து இழுத்தான். அவ்வளவுதான். அடுத்த நொடி கிரேன் அக்காவின் கை அவன் கன்னத்தில் இறங்கியது. ஒரு பைப்பு உயர்ந்தது; அதைப் பத்துக் கைகள் பிடித்தன. உருண்டோம், புரண்டோம். யார் தலையோ உடைந்தது, யார் கையோ முறிந்தது. கரண்ட் இரண்டு முறை விழுந்து இரண்டு முறை எழுந்தான். கடைசியில் பைப்புகள் எங்கள் பக்கம் கிடந்தன. அவற்றைப் பிடித்து வந்தவர்கள் கார் ஓரமாக நின்று மூச்சு வாங்கினார்கள். கசடு தட்டுகிறவர் ஒரு பைப்பை எடுத்து ஓங்கினார். தங்கச்சி, "வேணாம்ணா. அடிச்சா அதையே சொல்லி நம்மள உள்ள தள்ளுவாங்க. உக்காருங்க" என்றாள். அவர் பைப்பைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். ஒவ்வொருத்தராக எல்லோரும் வாசலை மறித்து உட்கார்ந்தோம். கயிறு எங்கள் நடுவில் இருந்தது.

கிரேன் அக்கா முதலாளியிடம் சொன்னாள்: "ஒவ்வொரு மெஷினுக்கும் தகடு வரைக்கும் எட்டுற கேபிள் வரணும். கிரேனுக்குப் புதுக் கயிறு வரணும். நாள்கூலி திரும்ப வரணும். இவ புருஷனுக்கு வைத்தியமும் சம்பளமும் நீங்க பாக்கணும். அதுவரைக்கும் எந்தத் தகடும் தரைய விட்டு எழும்பாது. கயிறும் எங்ககிட்டதான் இருக்கும்."

"எழும்பாதா? கையும் காலும் உள்ள வேற ஆளே ஊர்ல இல்லையா?" அவர் போனை எடுத்தார்.

பொழுது சாய்வதற்குள் ஒரு லாரி வாசலில் வந்து நின்றது. தகடு ஏற்ற வந்த லாரி இல்லை. பின்னால் நிறைய ஆட்கள். கையில் முகமூடி, தோளில் கையுறை. வெல்டர்கள். எங்களைவிட இளைத்தவர்கள், எங்களைவிடப் பசித்தவர்கள். பைப்போடு வந்தவனை அடிக்கலாம். பசியோடு வந்தவனை என்ன செய்வது?

"நேரா உள்ள ஓட்டு" என்று முதலாளி டிரைவரிடம் கத்தினார். "குறுக்க எவன் உக்காந்தாலும் ஓட்டு!"

லாரி உறுமிக்கொண்டு முன்னால் வந்தது. நாங்கள் எழுந்திருக்கவில்லை. முன்சக்கரம் தங்கச்சியின் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. எஞ்சின் சூடு எங்கள் முகத்தில் அடித்தது. பின்னாலிருந்து நரைத்த மீசைக்காரர் ஒருவர் குதித்து இறங்கிவந்தார்.

"என்னம்மா இது, சாகறதுக்குன்னே உக்காந்திருக்கீங்க?"

தங்கச்சி கயிற்றின் நுனியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் கட்டைவிரலால் அந்த உருண்டைகளைத் தடவினார். தடவத் தடவ முகம் மாறியது. தூணைப் பார்த்தார், கவ்வியைப் பார்த்தார், தரையில் கிடந்த தகட்டையும் அதன் ஓரத்தில் காய்ந்திருந்த கறையையும் பார்த்தார். அவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அடியில யாரு இருந்தா?"

"என் வீட்டுக்காரர்."

"இருக்காரா?"

"இருக்காரு. காலு இல்ல."

"என்னய்யா அங்க பேச்சு?" என்று முதலாளி கத்தினார். "இவங்களுக்குக் குடுத்ததுக்கு மேல தர்றேன்! வேலைக்கு வந்தீங்களா, நியாயம் பேச வந்தீங்களா?"

மீசைக்காரர் லாரியைத் திரும்பிப் பார்த்து, "எல்லாரும் எறங்குங்கப்பா" என்றார். ஒருத்தன், "இன்னைக்கு அடுப்புக்கு என்ன பண்றது மாமா?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். கேட்டவன் தோளில் கிடந்த கையுறையை எடுத்து இடுப்பில் செருகினான். பிறகு அவனும் இறங்கினான்.

முதலாளி இன்னும் கத்திக்கொண்டிருந்தார். போலீஸ் வரும் என்றார், கதவைச் சாத்துவேன் என்றார், ஒருத்தனும் இந்த ஊரில் பிழைக்க முடியாது என்றார். அதெல்லாம் செய்யக்கூடியவர்தான். நாளைக்கு என்ன ஆகும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

மீசைக்காரர் தன் முகமூடியைத் தரையில் கவிழ்த்து வைத்தார். உட்கார இடம் தேடினார். தங்கச்சி என்னை இடித்து, "நகருண்ணா" என்றாள். விலா வலியோடு நான் நகர்ந்தேன். கரண்ட் நகர்ந்தான், கிரேன் அக்கா நகர்ந்தாள். அவர் உட்கார்ந்தார், பின்னால் வந்தவர்களுக்காக நாங்கள் இன்னும் நகர்ந்தோம்.